நாய்க்குட்டி வருவதற்கு முன்னால்: சேலம், நாமக்கல் பக்கத்துக்குச் சில குறிப்புகள்

எங்க வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வரப்போகுது. அதுக்காக இரண்டு மாசமா படிச்சது, கால்நடை மருத்துவர்களிடம் கேட்டது, தோட்டத்துக்காரர்களிடம் பேசினது எல்லாம் ஒரு நோட்டில் சேர்ந்துகிட்டே வந்தது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். நாய் வளர்க்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது பொருள் பட்டியல்தான். மெத்தை, கூண்டு, பொம்மை, ஷாம்பூ, பல் துலக்கும் பிரஷ். பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனசுல வெச்சு எழுதினது. ராசிபுரத்தில் மே மாசம் மதியம் இரண்டு மணிக்கு எந்த நாயும் மெத்தையில் படுக்காது. ஈரமான மண்ணைத் தோண்டி அதில்தான் படுக்கும். நம்ம பக்கத்துக்குத் தயாராக வேண்டியது வேறே. என் நோட்டு கடைசியில் நாலு கேள்வியில் வந்து நின்றது. எந்தக் குட்டி? முதல் நாலு மாசத்துக்கு என்ன காலண்டர்? வெயிலையும் உண்ணியையும் எப்படிச் சமாளிப்பது? அடுத்த 12 வருசத்துக்கு யார் பொறுப்பு? பொருள் வாங்குவது ஒரு மதியத்தில் முடிஞ்சுடும். இந்த நாலும் குட்டி வருவதற்கு முன்னாலேயே முடிவாகி இருக்கணும்.

எந்தக் குட்டி?

பிள்ளைகள் முதலில் கேட்டது ஹஸ்கி. யூடியூபில் பார்த்த நீலக்கண் நாய். ஹஸ்கி, சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க உருவான இனம். உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. உள் அடுக்கு கம்பளி மாதிரி இருக்கும். சேலத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுசு இல்லை. ஏசி அறைக்குள்ளேயே வைத்து வளர்க்கலாம் என்றால், கரண்ட் போன மதியத்துக்கு என்ன வழி என்று யோசிக்கணும்.

அடுத்து பக். 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடி வந்த அந்தக் குட்டை மூக்கு நாய். நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கும்போது வாயிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். உடம்புச் சூடு குறைவது முக்கியமாக அந்த வழியில்தான். மூக்கும் தொண்டையும் குறுகிப்போன இனத்துக்கு அந்த வழியே பாதி அடைபட்டிருக்கு. பக், புல்டாக் மாதிரி நாய்களை மருத்துவர்கள் வெயில் காலத்தில் அதிகம் கவலையோடு பார்ப்பது இதனால்தான்.

சரி, தமிழ்நாட்டு இனங்கள்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நல்ல நாய்கள், நம்ம வெயிலுக்குப் பழகினவை. 2005 ஜனவரியில் தபால் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகள் நாலில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்த இனங்களின் பெயரைச் சொன்ன பிறகு இவற்றைத் தேடுபவர்கள் கூடினார்கள். ஆனால் இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே ஆன உடம்பு. மூணு சென்ட் வீட்டில் கேட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டால், அந்த ஓட்டமெல்லாம் குரைப்பாகவும் செடியைப் பிடுங்குவதாகவும் மாறும். தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதும் தெரிந்த விஷயம். குட்டி வாங்குபவர், அது பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கணும்.

மிச்சம் இருப்பது நம்ம தெருவிலும் தோட்டத்திலும் பிறக்கும் நாட்டு நாய். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு ஒரு சாதிப் பெயரையே இனப்பெயராக வைத்திருந்தார்கள். அதுவும் தமிழிலிருந்து போனது. இப்போ பலர் அதை விட்டுவிட்டு 'இண்டீ' என்கிறார்கள். 15, 20 கிலோ எடை, குட்டை ரோமம், நீளமான மூக்கு. யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யாததால், உடம்பு இந்த ஊருக்கு ஏத்த மாதிரி அமைஞ்சிருக்கு. எங்க வீட்டில் முடிவானது இதுதான்.

பொட்டைக்குட்டி

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஐந்து குட்டி இருக்குதுன்னு கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். தோட்டத்துக்காரர் சொன்னார்: "கடுவன் மூணும் போயிருச்சுங்க. பொட்டை ரெண்டுதான் கெடக்குது. வேணும்னா ரெண்டையும் தூக்கிட்டுப் போங்க." எங்க அம்மிச்சி உடனே, "பொட்டையா? வேண்டாஞ் சாமி, வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போடும்" என்றார்.

நம்ம ஊரில் கோணிப்பையில் கட்டிச் சாலையோரம் விடப்படும் குட்டிகளில் பொட்டைக்குட்டிகளே அதிகம் கண்ணில் படுவதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். அம்மிச்சி சொன்னதில் தப்பில்லை. பொட்டை நாய் 6 மாசத்திலிருந்து ஒரு வருசத்துக்குள் முதல் முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். வருசத்துக்கு இரண்டு ஈத்து சாத்தியம். ஆனால் இது கருத்தடை அறுவை சிகிச்சைக்கு முந்தின காலத்துக் கணக்கு. இப்போது ஒரே ஒரு அறுவை சிகிச்சை அந்தப் பிரச்சினையை முடித்துவிடும். வயசான பொட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தான நோய் வருவதையும் அது தடுக்கும். எந்த மாசத்தில் செய்வது என்பதை எடையும் உடல்நிலையும் பார்த்து மருத்துவர் சொல்லுவார்.

அதனால் குட்டி எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டியது, கருத்தடை எங்கே செய்வார்கள் என்பதை. நாமக்கல்லுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மோகனூர் சாலையில் 1985-ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல் வந்தது, கல்லூரி அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்தக் கல்லூரி என்றதும் கோழி, மாடுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அங்கே இருக்கும் சிகிச்சை வளாகத்துக்கு நாயும் வரும், பூனையும் வரும். சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் இப்போ ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. சின்ன ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் எது, எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் மத்ததெல்லாம்.

முதல் நாலு மாசம்

கண் திறந்ததும் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவது நம்ம பக்கத்துப் பழக்கம். 30 நாள் குட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 8 வாரம் வரைக்கும் தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கணும். கடிச்சால் வலிக்கும், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது அங்கேதான் கத்துக்குது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி அந்தப் பாடத்தை நம்ம பிள்ளைகள் கையில்தான் படிக்கும்.

அடுத்தது தடுப்பூசி. "ஒரு ஊசி போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். காரணம் எளிமையானது. குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் இருக்கும். குட்டியைச் சில வாரம் காப்பாற்றுவது அவைதான். ஆனால் ஊசியில் இருக்கும் பலவீனமாக்கப்பட்ட கிருமியையும் அவையே அழித்துவிடும். அப்போது ஊசி போட்டும் பலன் இல்லாமல் போகலாம். தாய் கொடுத்த காப்பு ஒவ்வொரு குட்டிக்கும் வெவ்வேறு வாரத்தில் தீரும். எந்த வாரம் என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்று வீணானாலும் அடுத்தது பிடிக்கும். வெறிநோய்க்கான ஊசி சுமார் மூணு மாசத்தில். அப்புறம் மருத்துவர் அட்டையில் எழுதும் தேதிப்படி.

இந்த இடைவெளியில்தான் பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொண்டுபோகுது. 1970-களின் கடைசியில் உலகம் முழுக்கப் பரவின நோய். வாந்தி, நாத்தம் அடிக்கும் ரத்தபேதி, இரண்டு மூணு நாளில் குட்டி துவண்டு போகும். இந்த வைரஸ் மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன வருசம் ரத்தபேதியில் ஒரு குட்டி செத்த வாசலில் புதுக்குட்டியை விட்டால், அதே கதை திரும்ப நடக்கலாம். சாதாரண பினாயில் இதைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. சிமெண்டுத் தரையை நன்றாகக் கழுவின பிறகு பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிடணும். மண் தரையில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அந்த மாதிரி வாசலுக்குத் தடுப்பூசி எல்லாம் முடிஞ்ச குட்டிதான் பாதுகாப்பு.

தடுப்பூசி வாங்கும் விதத்திலும் கவனம் வேணும். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், போடும் ஊசி வெறும் தண்ணிக்குச் சமமாகிவிடலாம். மருத்துவமனையின் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அங்கேயே போட்டு, குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டித் தரும் இடமே நல்லது. குடற்புழு மருந்தையும் அதே அட்டையில் எழுதி வாங்கிக்கணும். வட்டப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். அதன் முட்டை மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் போகும். அதனால் இது குட்டிக்கு மட்டும் ஆன மருந்து இல்லை.

இங்கே ஒரு சிக்கல். ஊசி முடியும் வரைக்கும் வெளியே விடாதீங்க என்பார் மருத்துவர். ஆனால் நாயின் குணம் உருவாகும் காலம் ஏறத்தாழ 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரைக்கும்தான். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருசம் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து இந்தக் கருத்து பரவலாச்சு. அந்த வாரங்களில் பார்த்த, கேட்ட விஷயங்களுக்கு நாய் வாழ்நாள் முழுக்கப் பயப்படாது. பார்க்காதது பின்னால் பயமாக மாறலாம். பயந்த நாய்தான் கடிக்கிற நாய்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழி இருக்கு. குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போவது. பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், கோயில் மேளம், ஹெல்மெட் போட்ட ஆள், கைத்தடி ஊன்றி நடக்கும் தாத்தா, டிராக்டர் சத்தம் எல்லாம் மடியில் இருந்தபடியே பழகட்டும். மற்ற நாய் நடமாடும் மண்ணில் மட்டும் கால் படக்கூடாது. தடுப்பூசி முடிஞ்ச, அமைதியான பெரிய நாய் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் அங்கே கூட்டிப்போகலாம்.

வெறிநோய்: வீட்டு ஆட்களுக்கான தயாரிப்பு

இதைத்தான் எந்தப் பொருள் பட்டியலிலும் காணோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் வருசத்துக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயில் இறக்கிறார்கள். அதில் 36 சதவீதம் இந்தியாவில். கணிசமானவர்கள் 15 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதே சமயம் கடிபட்ட உடனே சரியாகச் செய்தால் முழுக்கத் தடுக்கக்கூடிய நோய் இது.

"சின்னக் குட்டிதானே, அதுக்கு ஏது வெறி?" என்ற நம்பிக்கைதான் ஆபத்து. வெறிநாய் கடித்த குட்டிக்கும் அது வரும். குட்டிக்கு ஊசி போடுவதே மூணு மாசத்தில். அதுவரைக்கும் அதன் பல்லும் நகமும் பிள்ளைகள் கையில்தான் இருக்கும். தெருவிலிருந்து எடுத்த குட்டி அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரு விதி: குட்டி கடித்தாலோ, கீறி ரத்தம் வந்தாலோ, புண்ணில் நக்கினாலோ பெரியவர்களிடம் உடனே சொல்லணும். சொன்னால் யாரும் திட்டமாட்டோம். அந்த இரண்டாவது வரி முக்கியம். திட்டுக்குப் பயந்து மறைத்த கடிதான் உயிரை எடுக்கும்.

கடிபட்டால் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அப்புறம் நேரே அரசு மருத்துவமனை. ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-வது நாள் என்று நாலு முறை. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். முன்கூட்டியே தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளும் முறையும் இருக்கு. போட்டவர்களுக்குக் கடிபட்ட பிறகு இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்லதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு பண்ணலாம்.

பெரியவர்கள் பலர் இன்னும் ஊசிக்குத் தயங்குவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கினார்கள். தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்த இடம் அது. அந்தக் காலத்து மருந்து செம்மறியாட்டு மூளையிலிருந்து செய்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. வலி ஒரு பக்கம், சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. அந்த மருந்தை 2004 கடைசியில் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். இப்போ போடுவது கையில், மெல்லிசான ஊசி. அம்மிச்சிக்கு இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் வீட்டில் நாய்ப் பேச்சே சுமுகமாச்சு.

வெயில், உண்ணி

நாயின் சாதாரண உடம்புச் சூடே 38-லிருந்து 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்ட கூண்டு, மொட்டைமாடி, கண்ணாடி ஏற்றின கார் எல்லாம் மே மாசத்தில் அடுப்பு. வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அதன் அடியில் மண் தரையே சிறந்த படுக்கை. அதைத் தோண்ட விட்டுவிடுங்க, தோண்டுவதே அதன் ஏர்கூலர். மரம் இல்லாத வீட்டில் ஓலை வேய்ந்த சின்னச் சாய்ப்பும் இரண்டு இடத்தில் மண்சட்டித் தண்ணீரும் வேணும். ஒன்றைக் கவிழ்த்தாலும் இன்னொன்று இருக்கும். காலை 7 மணிக்கு முன்னால் நடை. தார் ரோட்டில் புறங்கையை வைத்து 5 விநாடி தாங்க முடியலைன்னா அதன் பாதமும் தாங்காது.

மூச்சு அடங்காமல் இரைத்து, ஈறு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, அப்படியே மருத்துவரிடம் ஓடணும்.

உண்ணி இன்னொரு தலைவலி. நம்ம ஊரில் நாய் மேல் ஏறும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. பெண் உண்ணி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் மேல் தெரிவது கொஞ்சம், சுவரிலும் கட்டிலுக்கு அடியிலும் இருப்பதுதான் அதிகம். அதனால் குட்டி வருவதற்கு முன்னாலேயே அது படுக்கும் இடத்தில் விரிசல்களைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடுவது பாதி வேலையை முடிக்கும். உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாய் சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் கஷ்டம். மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து குட்டி மேல் ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. நாய் நக்கிக்கொள்ளும். எடை பார்த்து மருத்துவர் சொன்ன மருந்து மட்டும் போதும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிடணும். நாய்க்குப் போடும் சில உண்ணி மருந்து பூனைக்கு விஷம்.

சாப்பாடு

வளர்ந்த 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேணும். வேகவைத்த சோறு 300 கிராம், முட்டை இரண்டு, எலும்பில்லாத வேகவைத்த கோழி 150 கிராம், ஒரு ஸ்பூன் எண்ணெய் என்றால் ஏறக்குறைய சரியாகும். நாமக்கல்லில் இருந்துகொண்டு நாய்க்கு முட்டை போடுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை. வேகவைத்துப் போடணும், அவ்வளவுதான். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற சத்தை உடம்பில் சேரவிடாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும், அது வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். நம்ம குழம்பில் வெங்காயம் இல்லாமல் இருக்காது, அதனால் மிச்சக் குழம்பு ஊற்றின சோறு நல்ல யோசனை இல்லை. சோறும் கறியும் மட்டும் போட்டால் கால்சியம் பத்தாது. வளரும் குட்டிக்குக் கால் வளைஞ்சுடும். எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்கணும், அளவு கூடினாலும் கெடுதல்தான்.

12 வருசத்துக்கு யார்?

1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவை எடுத்துப் படித்தேன். குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறின நேரம் கட்டிவைப்பது வதை. எப்போதும் கட்டியே வைக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பது வதை. நியாயமான காரணம் இல்லாமல் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவதும் வதை. முதல் தடவைக்கு அபராதம் 10-லிருந்து 50 ரூபாய். அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்பட ஒண்ணுமில்லை. ஆனால் 60 வருசத்துக்கு முன்னாலேயே, கட்டியே கிடக்கும் நாய்க்கு நடை வேணும்னு சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

2025-ல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவை, ஆகஸ்ட் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியது. அந்த இரண்டாவது உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி தத்தெடுப்பு பற்றியது. விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. தோட்டத்தில் குட்டி எடுக்கும் நமக்கும் அந்த வரி பொருந்தும் என்று நினைக்கிறேன். 2023-ன் விலங்குக் கருத்தடை விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் வேலை. ஆனால் வளர்த்துப் பாதியில் விட்ட ஒவ்வொரு நாயும் அந்த வேலையைக் கூட்டுகிறது.

நாட்டு நாய் நன்றாக வளர்ந்தால் 12 வருசம், அதற்கு மேலும் இருக்கும். இப்போ ஆறாவது படிக்கும் பொண்ணு அப்போ வேலைக்குப் போயிருப்பாள். ஆகவே "பிள்ளைங்க பாத்துக்குவாங்க" என்பது பதில் இல்லை. எங்க வீட்டில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கோம். காலை நடை யார்? ஊருக்குப் போனால் யார் வீட்டில் விடுவது? ஊசித் தேதியை யார் பார்ப்பது? ராத்திரி 11 மணிக்கு உடம்பு சரியில்லைன்னா வண்டி யார் எடுப்பது? ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெரிய ஆளின் பெயர். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் இப்போதே கேட்டுவிடணும். வீடு மாறும்போது கைவிடப்படும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இரண்டு பொட்டைக்குட்டியில் ஒன்றை நாங்கள் எடுக்கிறோம், 8 வாரம் முடிஞ்சதும். இன்னொன்றுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். கேட்டு வருபவர்களிடம் முதலில் காட்டுவது அந்தத் தாளைத்தான். நாலு கேள்வியில் ஒன்றுக்கு நேரே பெயர் எழுத முடியலைன்னா, இந்த வருசம் வேண்டாம்னு சொல்லிடுறோம். குட்டி அடுத்த வருசமும் கிடைக்கும்.